யூனிவர்சிற்றி இல்லை, கம்பஸ்

போன கிழமை தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் கேட்டார், "நீங்க எல்லாம் ஏன் யுனிவர்சிட்டியைக் கம்பஸ்னு சொல்றீங்க?" நல்ல கேள்வி. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

1972இல் இலங்கை அரசு எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒன்றாக்கி, பேராதனை, கொழும்பு எல்லாவற்றையும் அதன் வளாகங்களாக மாற்றியது. 1974இல் ஆறாவதாக யாழ்ப்பாண வளாகம் வந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பெயர்தான் வாயை விட்டுப் போகவில்லை.

இப்ப எங்கட கம்பஸ் எண்டு உரிமை கொண்டாடுறம். ஆனால் அண்டைக்கு அதை வேண்டாம் எண்டவை எங்கட ஆக்கள்தான்! தமிழ்த் தலைவர்கள் கேட்டது திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம். தரப்படுத்தலால் பெடியளுக்கு இடம் குறைஞ்ச நேரம் அது. யாழ்ப்பாணத்தில ஒண்டைத் தந்து வாயை மூடப் பார்க்கினம் எண்ட சந்தேகம் வந்ததில என்ன பிழை?

எப்படியோ, சேர் பொன். இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியில் வளாகம் திறந்தது. திறந்து வைத்தவர் பிரதமர் சிறிமாவோ. விஞ்ஞான பீடம் முதலில் வட்டுக்கோட்டையில். இராமநாதன் கட்டிய பரமேஸ்வரன் கோயில் இண்டைக்கும் உள்ளே இருக்கு. சோதனை நேரம் பக்தி கூடுறதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. முதல் தலைவர் கைலாசபதியோ மார்க்சியர்!

அவர் காலத்தில் சிங்கள மாணவர்களும் இங்கே படித்தார்கள். 1977 கலவரத்தோடு அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் ஆகக் கவலை தருவது இதுதான். ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்தவர்கள் இனித் துவக்கின் இரண்டு பக்கமும் நிற்கப் போகிறார்கள் என்பது அப்ப ஆருக்குத் தெரியும்?

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிப் போறன், நிண்டு எழுத மனம் வரேல்லை. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் வளாக மைதானத்தில் ஹெலியில் வந்து இறங்கியது. 1989 செப்டெம்பர் 21இல், உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீடு போகும்போது சுடப்பட்டார். எந்தத் தரப்பு செய்த கொலையையும் மறைக்காமல் எழுதியவர். 1995 இடப்பெயர்வில் கம்பஸும் சனத்தோடு வெளிக்கிட்டது.

போர் முடிந்தபின் சிங்கள மாணவர்கள் திரும்ப வந்தார்கள். 2016இல் வரவேற்பு விழாவில் கண்டிய நடனம் ஆடுவதா என்பதில் கைகலப்பு. இருந்தும் வருகிறார்கள், படிக்கிறார்கள்.

2021 ஜனவரி 8 இரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றாம் நாள் துணைவேந்தரே வந்து புதிதாக அடிக்கல் நாட்டினார், ஏப்ரலில் தூபி திரும்ப எழுந்தது. அந்த வாசலுக்கு வந்த சனத்தில், 1974இல் இந்த வளாகம் வேண்டாம் எண்ட வீட்டுப் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பினம்.

நண்பரே, யாழ்ப்பாணம் வந்தால் பஸ்ஸில ஏறி "கம்பஸடி" எண்டு மட்டும் சொல்லுங்கோ. சரியா இறக்கி விடுவினம்.