மெட்ராஸ் கறிப்பொடி

கொத்தமல்லி, மஞ்சள், வெந்தயம், சீரகம், மிளகாய் முதலியவற்றை அரைத்து டப்பாவில் அடைத்து விற்கும் மசாலாத் தூள். தமிழ்நாட்டுச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும் என்று மேல்நாட்டார் எண்ணிக்கொண்டதில் இந்த டப்பாவுக்குப் பெரும்பங்கு உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனி வேலை முடித்து ஊர் திரும்பிய ஆங்கிலேயருக்குக் குழம்பின் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. ஹன்னா கிளாஸ் 1747-இல் லண்டனில் வெளியிட்ட சமையல் நூலிலேயே கறி இடம்பெற்றுவிட்டது. 1784-இல் பிக்காடில்லிக் கடை ஒன்று கறிப்பொடிக்கு விளம்பரம் செய்தது. அம்மியில் அரைக்க ஆளில்லாத வீடுகளுக்குத் தூள் தோதாக இருந்தது. மாதக்கணக்கான கப்பல் பயணத்தையும் தாங்கியது. தேங்காய், சின்ன வெங்காயம், பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றுக்கு அந்தத் தாங்குசக்தி ஏது? மஞ்சள் நிறமும் வெந்தய வாடையுமே கரை சேர்ந்தன. சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்களும் இதற்கு விலக்கல்ல: கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி அவர்களுக்காக 1878-இல் எழுதிய நூலில், மொத்தமாக இடித்து வைத்துக்கொள்ளும் கறிப்பொடிக்குச் செய்முறை தருகிறார்.

ஜப்பானியருக்குக் கறி பிரிட்டன் வழியாகத்தான் அறிமுகமானது. எஸ் அண்ட் பி என்ற மசாலா நிறுவனத்தின் நிறுவனர் 1923-இல் ஜப்பானிலேயே பொடி தயாரித்தார். பிரிட்டனில், பெரும்பாலும் வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள் நடத்திய உணவகங்களில், ‘மெட்ராஸ்’ என்பது காரத்தின் அளவைக் குறிக்கும் பெயராகிவிட்டது. சென்னையையே பார்த்திராத சமையல்காரர் சென்னையின் பெயரால் சமைத்தார்.

பழனி வட்டம் கீரனூர்ப் பக்கத்து அடுப்படியில் இந்தப் பொடிக்கு வேலையில்லை. வரமிளகாய், மல்லி, விரலி மஞ்சளைக் காயவைத்து மில்லில் அரைத்த குழம்புத் தூள் இருக்கும். கறிக்குழம்பென்றால் சோம்பு, கசகசா, தேங்காயைத் தனியே அரைத்து ஊற்றுவார்கள்.

கீரனூர் இருக்கும் இதே திண்டுக்கல் மாவட்டத்தில் 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய தலப்பாக்கட்டி பிரியாணி இப்போது பாரிஸ், துபாய் வரை கிளை விட்டிருக்கிறது. பிரியாணி என்றாலே பாஸ்மதி என்றிருந்தவர்களுக்குச் சீரகச் சம்பாவின் குட்டை அரிசி புதுசு.

திண்டுக்கல் சமவெளியில் ஒப்பந்த முறையில் விளையும் கெர்கின் வெள்ளரி கதை நேர்மாறானது. 2020-21-இல் இந்தியா வெள்ளரியும் கெர்கினுமாக 2,23,515 டன் ஏற்றுமதி செய்தது. கெர்கின் உப்புநீரிலும் வினிகரிலும் ஊறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. விளைவிப்பவர் வீட்டுச் சோற்றுக்கு அது தொட்டுக்கையாவதில்லை. பர்கருக்குள் வைத்துக் கடிப்பவரும் அதை இந்தியச் சாப்பாடாக நினைப்பதில்லை.