பல்கலைக்கழகப் பணியாளர் ஓய்வுக்காலப் பலன்கள்

பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெறும் பேராசிரியர் முதல் தோட்டப் பணியாளர் வரை அனைவருக்கும் சேர வேண்டிய ஓய்வூதியம், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, விடுப்புச் சம்பளம், குடும்ப ஓய்வூதியம் ஆகியவை ஓய்வுக்காலப் பலன்கள் எனப்படும். தமிழ்நாட்டில் இவை ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை இரண்டு விஷயங்களே முடிவு செய்கின்றன: அவருடைய சம்பளத்துக்குப் பொறுப்பேற்றிருப்பது யார், அவர் எந்தத் தேதியில் பணியில் சேர்ந்தார். எத்தனை ஆண்டு பாடம் நடத்தினார், எத்தனை விடைத்தாள் திருத்தினார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையில் பாலாற்றை ஒட்டியிருக்கும் வாலாஜாபாத் போன்ற ஊரில் இந்த வேறுபாட்டை ஒரே தெருவில் பார்த்துவிடலாம். காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி போன்ற அரசு உதவிபெறும் கல்லூரிகளில், அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, ஏ.ஜி. ஆபீஸ் என்று எல்லோரும் சொல்லும் மாநிலக் கணக்காயர் அலுவலகம் ஓய்வூதிய ஆணை வழங்கும். கருவூலம் பணம் தரும். அதே கல்லூரியின் மாணவர்களுக்குப் பட்டம் வழங்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஊழியருக்குக் கருவூலம் கிடையாது. 1857-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்தே அவருக்குக் கொடுத்தாக வேண்டும். வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. தனியார் அறக்கட்டளைகள் நடத்தும் இத்தகைய நிறுவனங்களில் பொதுவாகக் கிடைப்பவை பி.எப். எனப்படும் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும்தான். மூவரும் ஒரே பாடத்தை நடத்தியிருக்கலாம். முதுமையில் மூவருக்கும் மூன்று வாழ்க்கை.

பழைய ஓய்வூதியம்

2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளே அடிப்படை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் இவற்றைத் தம் ஊழியர்களுக்கும் பின்பற்றுகின்றன. ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுத் தகுதியான பணிக்காலம் வேண்டும். 30 ஆண்டு முடித்தவருக்கு முழு ஓய்வூதியம், அதாவது கடைசிச் சம்பளத்தில் பாதி. 1,20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஓய்வுபெறும் பேராசிரியருக்கு 60,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் கிடைக்கும். இதில் மூன்றில் ஒரு பங்கைக் கம்யூட்டேஷன் செய்து மொத்தத் தொகையாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். பிடிக்கப்பட்ட பங்கு 15 ஆண்டு கழித்து மீண்டும் ஓய்வூதியத்தில் சேரும். பணிக்கொடை, முடிந்த ஒவ்வொரு அரையாண்டுக்கும் கால் மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் பதினாறரை மாதச் சம்பளம் வரை கணக்கிடப்படும். அதற்கு மேல் ரூபாய் உச்சவரம்பும் உண்டு. கணக்கில் நிற்கும் ஈட்டிய விடுப்பில் 240 நாள் வரை காசாக்கலாம். ஓய்வூதியர் காலமானால் துணைக்குச் சாதாரண விகிதத்தில் சம்பளத்தின் 30 விழுக்காடு குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கும். தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு அது கூடுதல் விகிதத்தில் வரும்.

இந்தத் தொகையை யாரும் கருணையாகப் பார்க்க வேண்டியதில்லை. டி.எஸ். நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று, ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கித் தரும் கொடை அல்ல, செய்த பணிக்கான உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளையே நாடெங்கும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

சி.பி.எஸ்.

2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் சி.பி.எஸ். எனப்படும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடிக்கப்பட்டது. நிர்வாகமும் அதே அளவு செலுத்தியது. மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதல் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியபோதும், தமிழ்நாடு அதில் இணையாமல் தனியே நின்றது. விளைவு, சி.பி.எஸ். ஊழியர் ஓய்வுபெறும் நாளில் சேர்ந்த பணம் வட்டியுடன் கைக்கு வந்தது, அதோடு கணக்கு முடிந்தது. மாதாமாதம் வரும் தொகை இருக்கவில்லை, பழைய விதிப்படியான பணிக்கொடையும் இருக்கவில்லை. பழைய திட்டம், சி.பி.எஸ்., மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க மாநில அரசு 2025 பிப்ரவரியில் அதிகாரிகள் குழு ஒன்றை அமைத்தது. ஊழியர்களின் இருபது ஆண்டுப் போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது.

பல்கலைக்கழகத்தின் பணப்பெட்டி

அகவிலைப்படி உயர்வை அரசு அறிவிக்கும்; ஊதியக்குழு பரிந்துரையை அரசு ஏற்கும். ஆனால் அதனால் கூடும் ஓய்வூதியச் செலவுக்குப் பல்கலைக்கழகம் தானே வழி தேட வேண்டும். தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி இவைதாம் அதற்கு வருவாய். தொலைநிலைக் கல்வியின் வரவு குறைந்ததும் பள்ளம் தெரியத் தொடங்கியது. அனுமதியில்லாத பணியிடம், கூடுதல் சம்பள நிர்ணயம் என்று உள்ளாட்சி நிதித் தணிக்கை தடை எழுப்ப, அரசு மானியமும் குறைந்தது.

2024 பிப்ரவரியில் சுமார் 424 கோடி ரூபாய் வரி நிலுவைக்காக வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது, சம்பளத்தோடு ஓய்வூதியமும் சிக்கிக்கொண்டது. 1966-இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஓய்வூதியர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து தெருவில் இறங்கினார்கள். மாத்திரைச் செலவுக்கு மகனிடம் கையேந்த வைக்கும் தாமதம் இது. பணியாளர் தம் கடமையை முடித்துவிட்ட பிறகு, நிதி இல்லை என்ற பதிலுக்கு நியாயமே கிடையாது. ஓய்வூதியப் பொறுப்பை அரசே கருவூலம் வழியாக ஏற்க வேண்டும் என்ற பல்கலைக்கழக ஓய்வூதியர்களின் கோரிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

ஓய்வூதிய நிதி போதாமல் போவது உலகத்துக்கும் புதிதல்ல. அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் ஒரு கோடி டாலர் ஒதுக்கி, கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பிடித்தம் இல்லாத ஓய்வூதியம் தர ஓர் அறக்கட்டளை நிறுவினார். தகுதி பெற்றவர்கள் பெருகப் பெருக அந்தப் பணம் போதாது என்று சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. ஆசிரியரும் நிறுவனமும் சேர்ந்து செலுத்தும் டி.ஐ.ஏ.ஏ. நிதி 1918-இல் பிறந்தது அப்படித்தான்.

தனியார் நிறுவனங்கள்

தனியார் பல்கலைக்கழக ஊழியருக்கு 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் உண்டு. ஆனால் உச்சவரம்பான 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் 35 ஆண்டுக்குக் கணக்கிட்டாலும் மாதம் 7,500 ரூபாய்தான் வரும். பணிக்கொடைக்குக்கூட ஆசிரியர்கள் போராட வேண்டியிருந்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆசிரியர் ‘ஊழியர்’ ஆகமாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2009-இல் நாடாளுமன்றம் 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி சட்டத்தைத் திருத்தியது; 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது.

கோப்பு நகரும் விதம்

ஓய்வுக்கு ஓராண்டுக்கு முன்பே பணிப்பதிவேட்டை எடுத்துப் பார்ப்பது நல்லது. எங்கோ ஒரு பக்கத்தில் பணி சரிபார்ப்புக் கையெழுத்து விடுபட்டிருக்கும். முனைவர் பட்டத்துக்குத் தந்த ஊக்க ஊதிய உயர்வுக்கு ஆணை எண் இருக்காது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கோ தேர்வு வேலைக்கோ வாங்கிய முன்பணத்துக்கு ரசீது கொடுத்துக் கணக்கு நேர்செய்யாமல் இருந்தால், பணிக்கொடை அதில் மாட்டிக்கொள்ளும். நூலகத்திலிருந்தும் பாக்கியில்லை என்ற சான்று வேண்டும்.

கூடுதலாகச் சம்பளம் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டு என்று கடைசி நேரத்தில் வரும் உத்தரவுக்கு அஞ்ச வேண்டாம். ரபீக் மசீ வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வுபெற இருப்பவர்களிடமும், சி, டி பிரிவு ஊழியர்களிடமும் இப்படிப் பிடித்தம் செய்யக்கூடாது என்றது.

ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ. கைக்கு வந்ததும் துணைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 80 வயதில் 20 விழுக்காடு, 85-இல் 30 விழுக்காடு என்று கூடும் தொகை குடும்ப ஓய்வூதியருக்கும் உண்டு. பிறந்த தேதி பதிவாகாத மூதாட்டி, அந்த உயர்வைக் கேட்டு எண்பது வயதில் சான்று தேடி அலைய நேர்கிறது.