ஐந்து நிமிட டூனா சாண்ட்விச்சும் அதன் இருநூறு வருட வரலாறும்

இரண்டு துண்டு பிரெட். ஒரு டின் டூனா. தமிழகக் கடற்கரையில் சூரை என்று சொல்லும் மீன்தான் இது. டின்னில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொஞ்சம் மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் மயோனைஸ் சேர்த்துப் பிசைந்து பிரெட்டின் மேல் பரப்ப வேண்டும். அதன் மேல் ஒரு சீஸ் ஸ்லைஸ், அதற்கும் மேல் இன்னொரு பிரெட். வெளிப்பக்கம் லேசாக வெண்ணெய் தடவி, ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் ஐந்தாறு நிமிடம். நடுவில் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். உள்ளே சுழலும் காற்றில் மேல் பிரெட் நகர்ந்துவிடாமல் இருக்க ஒரு பல்குச்சியைக் குத்தி வைத்தால் போதும். சாண்ட்விச் ரெடி!

அமெரிக்காவில் இதற்கு டூனா மெல்ட் என்று பெயர். காலேஜுக்கு நேரமாகிவிட்டவர்கள், வேலை முடிந்து களைத்து வந்தவர்கள், சமைக்கவே தெரியாதவர்கள் எல்லோருக்கும் கைகொடுக்கிற சாப்பாடு.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. மீனைப் பிடித்து, வெட்டி, வேகவைத்து, முள் எடுக்க எவ்வளவு நேரமாகும்? பாலைக் காய்ச்சி உறைய வைத்து சீஸ் ஆக்க எத்தனை மாதம்? மாவு பிசைந்து பிரெட் சுட்டு ஒரே அளவாக வெட்ட? அந்த நேரமெல்லாம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. வேறு யாரோ ஒருவரின் கைக்கு மாறியிருக்கிறது. இந்த சாண்ட்விச்சின் வரலாறு என்பது அந்தக் கைகளின் வரலாறுதான்.

பிரெட்: கத்தியோடு ஒரு சண்டை

சாண்ட்விச் என்ற பெயர் இங்கிலாந்தின் நான்காவது சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகுவிடம் இருந்து வந்தது. எட்வர்ட் கிப்பன் என்ற வரலாற்று ஆசிரியரின் 1762-ம் வருட நாட்குறிப்பில் இந்தச் சொல் வருகிறது. சூதாட்ட மேசையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் பிரபு இப்படிச் சாப்பிட்டார் என்பது பிரபலமான கதை. அவர் வேலை மேசையில் உட்கார்ந்தபடி சாப்பிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். எதுவாக இருந்தாலும் காரணம் ஒன்றுதான்: நேரமில்லை!

பிரபுவுக்கு வெட்டிக் கொடுக்க வேலைக்காரர்கள் இருந்தார்கள். சாதாரண வீடுகளில் அதைச் செய்தது பெண்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஓட்டோ ரோவெடர் என்பவர் பிரெட்டை முழுசாக ஸ்லைஸ் போடும் இயந்திரத்தை 1912-லேயே செய்து பார்த்தார். 1917-ல் ஒரு தீ விபத்தில் வரைபடங்களும் இயந்திரமும் எரிந்து போயின. மனம் தளராமல் மறுபடியும் செய்தார். 1928 ஜூலை 7-ம் தேதி மிசௌரி மாநிலத்தின் சிலிகோத்தி என்ற சிறிய ஊரில் இயந்திரத்தில் வெட்டிய பிரெட் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 1943-ல் தெரிந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சிக்கன நடவடிக்கையாக அந்த வருடம் ஜனவரி 18 முதல் அமெரிக்க அரசு ஸ்லைஸ் பிரெட்டைத் தடை செய்தது. ஒரு குடும்பத்தலைவி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கணவர், நான்கு பிள்ளைகள், தான் என்று எல்லோருடைய காலை டோஸ்ட்டுக்கும் மதிய சாண்ட்விச்சுக்கும் அவசர அவசரமாக இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கையால் வெட்ட வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மார்ச் 8-ம் தேதி தடை நீங்கியது. அதுவரை யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு வேலையை அந்தக் கடிதம் எண்ணிக் காட்டியது.

சீஸ்: உருகினாலும் பிரியாத ரகசியம்

சாதாரண சீஸை அதிகமாகச் சூடாக்கினால் எண்ணெய் தனியாகவும் சக்கை தனியாகவும் பிரிந்துவிடும். சாண்ட்விச்சில் வைக்கும் ஸ்லைஸ் மட்டும் எப்படி வழுவழுப்பாக உருகுகிறது?

1911-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸோடு சிட்ரேட் உப்பைச் சேர்த்து உருக்கினார்கள். சீஸில் புரதங்களை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். அந்தக் கால்சியத்தை உப்பு இழுத்துக்கொள்கிறது. புரதம் இளகி, கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் உருகினாலும் பிரிவதில்லை. கெட்டுப்போகாமலும் நீண்ட நாள் இருக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தனியாக இதே முயற்சியில் இருந்தார். கனடாவில் பிறந்த இவர் 1903-ல் சிகாகோ நகரில் குதிரை வண்டியில் சீஸ் விற்கத் தொடங்கியவர். வெயில் காலத்தில் சரக்கு வீணாவதுதான் அவருக்குப் பெரிய தலைவலி. 1916-ல் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் அவருடைய டின் சீஸைப் பெருமளவில் வாங்கியது. 1950-ல் கிராஃப்ட் நிறுவனம் வெட்டி அடுக்கிய ஸ்லைஸ்களையே விற்கத் தொடங்கியது. கத்திக்கு இங்கேயும் வேலை போனது.

டின்: இருமுறை வெந்த மீன்

இனி முக்கியமான பொருளுக்கு வரலாம்.

சூரை மீனைக் கெடாமல் வைப்பது டின் வருவதற்கு முன்பே மனிதனுக்குத் தெரியும். மாலத்தீவுக்காரர்கள் மீனை வேகவைத்து, புகையில் போட்டு, வெயிலில் கட்டை போலக் காய வைப்பார்கள். 14-ம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த பயணி இப்னு பதூதா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இலங்கையிலும் தூத்துக்குடி பக்கத்திலும் இன்றும் சம்பலுக்கும் குழம்புக்கும் போடும் மாசிக் கருவாடு இதுதான். ஆனால் மாசி செய்ய நாள் கணக்கில் ஆகும். சாப்பிடும் முன் இடிக்கவும் வேண்டும்.

டின்னின் கதை பிரான்ஸில் தொடங்குகிறது. நிக்கோலா அப்பெர் என்ற சமையல்காரர் உணவைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வைத்தால் கெடுவதில்லை என்று கண்டுபிடித்தார். முறையை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெஞ்சு அரசு அவருக்கு 1810-ல் 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடுவதில்லை என்று அவருக்கே தெரியாது. கிருமிகள் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியதெல்லாம் அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான். அதே 1810-ல் லண்டனில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் டப்பாவைத் திறக்க உளியும் சுத்தியலும் தேவைப்பட்டன. அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் டின் ஓப்பனருக்குக் காப்புரிமை வாங்கியது 1858-ல்!

டூனா டின்னுக்குள் போனது 1903-ல். இடம் கலிபோர்னியாவின் சான் பெட்ரோ துறைமுகம். அங்கே ஆல்பர்ட் ஹாஃப்ஹில் என்பவரின் தொழிற்சாலை மத்தி மீனை டின்னில் அடைத்து விற்று வந்தது. அந்த வருடம் மத்தி சரியாகக் கிடைக்கவில்லை. காலி டப்பாக்களை என்ன செய்வது? அதுவரை அங்கே அதிகம் மதிக்கப்படாத ஆல்பகோர் என்ற டூனா வகையை நீராவியில் வேகவைத்துப் பார்த்தார்கள். சதை வெள்ளையாக மாறியது, கோழிக்கறி போலவே ருசித்தது. மீன் வாடை பிடிக்காத அமெரிக்கர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. முதல் உலகப் போரில் கறிக்குத் தட்டுப்பாடு வந்தபோது விற்பனை சூடுபிடித்தது.

மீனை யார் பிடித்தார்கள்? ஜப்பானில் இருந்து குடியேறிய மீனவர்கள் இதில் முன்னணியில் இருந்தார்கள். உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் வீசி டூனா கூட்டத்தைப் படகருகே வரவழைத்து, மூங்கில் தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சுண்டி இழுத்துப் படகில் போடுவார்கள். முள்வளைவு இல்லாத கொக்கி என்பதால் மீன் தானாகவே கழன்று விழும்.

சான் பெட்ரோவுக்கு எதிரே இருக்கும் டெர்மினல் தீவில் அவர்களுடைய ஊர் உருவானது. கடைத்தெருவுக்குப் பெயரே டூனா தெரு. ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். படகு கரை சேர்ந்ததும் தொழிற்சாலையில் சங்கு ஊதும். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு விதமான சத்தம். நடு ராத்திரியாக இருந்தாலும் தங்கள் சங்கு கேட்டால் எழுந்து ஓட வேண்டும். மீன் காத்திருக்காது அல்லவா?

மீனை வெட்டிச் சுத்தம் செய்து, பல மணி நேரம் நீராவியில் வேகவைத்து, ஆறவிட்டு, தோல், முள், கறுப்புச் சதை எல்லாவற்றையும் கையால் எடுக்க வேண்டும். நல்ல சதையை டப்பாவில் அடுக்கி மூடியபின், டப்பாவோடு மறுபடியும் அழுத்தத்தில் வேகவைக்க வேண்டும். ஏர் ஃப்ரையருக்குள் போகும் டூனா ஏற்கனவே இரண்டு முறை வெந்தது. அதனால்தான் அது ஐந்து நிமிடத்தில் தயாராகிறது.

நாற்பத்தெட்டு மணி நேரம்

1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. டெர்மினல் தீவில் அப்போது சுமார் 3,000 ஜப்பானிய வம்சாவளியினர் வசித்தார்கள். அடுத்த சில வாரங்களில் முதல் தலைமுறை மீனவர்கள் பலர் கைது செய்யப்பட்டார்கள். 1942 பிப்ரவரி 19-ல் அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை எண் 9066-ல் கையெழுத்துப் போட்டார். அதே மாதக் கடைசியில், 48 மணி நேரத்துக்குள் தீவைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஆண்கள் பலர் ஏற்கனவே சிறையில். வீட்டில் இருந்தது பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். பழைய சாமான் வியாபாரிகள் வந்து அடிமாட்டு விலைக்குப் பொருட்களைக் கேட்டார்கள். பிறகு அந்தக் குடும்பங்கள் பாலைவனத்தில் இருந்த மன்சனார் போன்ற முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. நாடு முழுவதும் இப்படி அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,20,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். தீவில் இருந்த வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. போர் முடிந்து திரும்பி வந்தவர்களுக்கு ஊரே இல்லை.

1988-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்தது. ஊரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

வலையில் சிக்கிய டால்பின்கள்

1950-களின் கடைசியில் தூண்டில் போய் பெரிய சுருக்கு வலைகள் வந்தன. கிழக்கு பசிபிக் கடலில் மஞ்சள் துடுப்பு டூனாக்கள் டால்பின் கூட்டங்களுக்குக் கீழே நீந்தும். மேலே டால்பின் தெரிந்தால் கீழே டூனா இருக்கும் என்று அர்த்தம். வலை இரண்டையும் சேர்த்தே வளைத்தது. பல லட்சம் டால்பின்கள் செத்தன. 1980-களின் கடைசியில் சாம் லபட் என்ற இளைஞர் ஒரு மீன்பிடிக் கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்து, இதை ரகசியமாக வீடியோ எடுத்தார். அந்தக் காட்சிகள் டிவியில் வந்தபின் மக்கள் டூனா டின்னைப் புறக்கணித்தார்கள். 1990-ல் பெரிய நிறுவனங்கள் இறங்கி வந்தன. டப்பாவில் டால்பின் முத்திரை வந்தது இப்படித்தான். வாங்குபவர்கள் கேள்வி கேட்டால் பதில் வரும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

ஏர் ஃப்ரையர்: விமானத்தில் இருந்து வந்த அடுப்பு

பெயரில் ஃப்ரையர் இருந்தாலும் இது எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூடேற்றும் கம்பி, அதன் மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டைகள் உள்ள கூடை. வேகமாகச் சுழலும் சூடான காற்று பிரெட்டின் மேல் ஈரத்தை விரட்டி மொறுமொறுப்பாக்குகிறது.

இதன் தாத்தா என்று சொல்லத்தக்க ஒன்று 1945-ல் வந்தது. வில்லியம் மாக்ஸன் என்ற அமெரிக்கர் விமானப் பயணிகளுக்காக உறைய வைத்த சாப்பாட்டுத் தட்டுகளையும், அவற்றை வானத்திலேயே சூடாக்க விசிறி வைத்த ஒரு சின்ன அடுப்பையும் உருவாக்கினார். அடுப்பின் பெயர் வேர்ல்விண்ட், அதாவது சுழல்காற்று. ஆனால் மாக்ஸன் 1947-ல் இறந்துவிட்டார். வீடுகளுக்கு ஏற்ற சின்ன வடிவத்தை நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வைய் உருவாக்க, 2010-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அதை அறிமுகம் செய்தது.

இன்று

டெர்மினல் தீவின் கடைசி பெரிய டூனா தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. கூலி குறைவான இடங்களைத் தேடித் தொழில் எப்போதோ நகரத் தொடங்கிவிட்டது. இப்போது டின் டூனா ஏற்றுமதியில் முதலிடம் தாய்லாந்துக்கு. அங்கே மீனுக்குத் தோலும் முள்ளும் எடுப்பவர்களில் நிறையப் பேர் மியான்மரில் இருந்து பிழைக்க வந்தவர்கள். 1903-ல் வந்த முறையும் பெரிதாக மாறவில்லை. மீன் வேகிறது, ஆறுகிறது, கை முள் எடுக்கிறது, டப்பா மறுபடியும் வேகிறது. ஊர் மாறியிருக்கிறது, ஆட்கள் மாறியிருக்கிறார்கள்.

டூனா தெருவில் பழைய ஊரின் மிச்சமாக இரண்டே கட்டடங்கள் தப்பிப் பிழைத்தன. 2025-ல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்பு அறக்கட்டளை, அழியும் ஆபத்தில் இருக்கும் 11 இடங்களில் ஒன்றாக அவற்றைச் சேர்த்தது. ஒன்று பலசரக்குக் கடையாக இருந்தது, மற்றொன்று துணி, பலவகைச் சாமான் கடையாக இருந்தது. சங்கு ஊதியதும் ராத்திரியில் ஓடிய பெண்கள் பகலில் சாமான் வாங்கிய கடைத்தெரு அது.