தொலைப்பணி வரிச்சலுகை

தொலைப்பணி வரிச்சலுகை என்பது, ஊழியர்கள் தம் வீட்டிலிருந்தோ அலுவலகத்துக்கு வெளியே வேறோர் இடத்திலிருந்தோ பணிபுரிய வகைசெய்யும் நிறுவனங்களுக்கு அரசு வழங்கும் வரிக் குறைப்பு ஆகும். இது பெரும்பாலும் இரு வடிவங்களில் காணப்படுகிறது. ஒன்று, நிறுவனம் செய்த செலவைச் செலுத்தவேண்டிய வரியிலிருந்தே நேரடியாகக் கழிப்பது. இது வரி வரவு எனப்படும். மற்றொன்று, வீட்டுச் செலவுக்கென நிறுவனம் ஊழியருக்குக் கொடுக்கும் தொகையை அவருடைய வருமானமாகக் கணக்கிடாமல் விடுவது. முதல் வடிவத்தை ஐக்கிய அமெரிக்காவின் சில மாநிலங்களும், இரண்டாவதை ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து ஆகிய நாடுகளும் பின்பற்றின.

பின்னணி

தொலைப்பணி என்ற கருத்துக்கு 1973 இல் ஆங்கிலப் பெயர் சூட்டியவர் அமெரிக்கரான ஜாக் நில்லெஸ். அதே ஆண்டில் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடி இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. எனவே தொடக்கத்தில் இது ஊழியரின் வசதிக்கான ஏற்பாடாகப் பார்க்கப்படவில்லை. எரிபொருள், சாலை நெரிசல், காற்று மாசு ஆகியவற்றைக் குறைக்கும் வழியாகவே பார்க்கப்பட்டது. பின்னர் வந்த வரிச்சலுகைச் சட்டங்களிலும் இதன் தடம் உண்டு.

ஜார்ஜியா

ஜார்ஜியா மாநிலம் 2006 இல் இயற்றிய சட்டம் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. அட்லாண்டா பெருநகரப் பகுதி ஓசோன் மாசுக்கான நடுவண் அரசின் தர அளவை எட்டாமல் இருந்ததே இதன் முதன்மைக் காரணம். முதலில் 2008, 2009 ஆகிய வரி ஆண்டுகளுக்கு இச்சலுகை அறிவிக்கப்பட்டது. கணினி, மென்பொருள், தொலைத்தொடர்புக் கருவிகள் முதலியவற்றுக்கான செலவு இதில் அடங்கும். மாசுத் தரத்தை எட்டாத பகுதியில் அமைந்த நிறுவனத்தின் ஊழியர் மாதம் குறைந்தது 12 நாட்கள் தொலைப்பணி செய்தால் செலவில் 100 விழுக்காடும், பிற பகுதிகளில் அதே நாட்களுக்கு 75 விழுக்காடும், மாதம் 5 நாட்கள் மட்டுமெனில் 25 விழுக்காடும் வரவாகக் கிடைத்தது. ஓர் ஊழியருக்கு உச்சவரம்பு 1,200 டாலர். தொலைப்பணி தமக்கு ஏற்றதா என நிறுவனம் ஆய்வு செய்வதற்குத் தனியாக 20,000 டாலர் வரை வரவு உண்டு.

இதன் மதிப்பை ஒரு கணக்கு விளக்கும். கணினி வாங்குவது எப்படியும் வணிகச் செலவே. அதை இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ள எந்தச் சிறப்புச் சட்டமும் தேவையில்லை. ஆனால் அக்காலத்தில் ஜார்ஜியாவின் நிறுவன வரி 6 விழுக்காடு என்பதால், 1,200 டாலர் செலவைக் கழிப்பதால் மிச்சமாகும் மாநில வரி 72 டாலர் மட்டுமே. வரி வரவு எனில் 1,200 டாலரும் மிச்சம்.

எனினும் மாநிலம் முழுமைக்கும் ஆண்டுக்கு 20 இலட்சம் டாலரே ஒதுக்கப்பட்டது. அனைவருக்கும் உச்சத்தொகை வழங்கினால் ஏறத்தாழ 1,666 ஊழியர்களுக்கே இது போதுமானது. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகரின் காற்றை இது எந்த அளவுக்கு மாற்றியிருக்கும் என்பது ஐயத்துக்குரியது. இச்சலுகை தற்போது நடைமுறையில் இல்லை.

பிற மாநிலங்கள்

வர்ஜீனியா 2012 முதல் ஏறக்குறைய இதே அமைப்பைப் பின்பற்றியது. ஊழியருக்கு 1,200 டாலர், நிறுவனத்துக்கு 50,000 டாலர், மாநிலம் முழுமைக்கும் ஆண்டுக்கு 10 இலட்சம் டாலர் என்பன அதன் வரம்புகள். அதுவும் காலாவதியாகிவிட்டது. ஓரிகன் மாநிலம் தன் வணிக ஆற்றல் வரி வரவுத் திட்டத்தின்கீழ் தொலைப்பணிக் கருவிகளுக்கு 35 விழுக்காடு வழங்கியது.

ஐக்கிய இராச்சியமும் அயர்லாந்தும்

ஐக்கிய இராச்சியத்தில் நிறுவனம் தன் ஊழியருக்கு வாரந்தோறும் குறிப்பிட்ட தொகையைச் சான்றுச்சீட்டு எதுவுமின்றி வரியின்றி வழங்கலாம். 2003 இல் 2 பவுண்டாக இருந்த இத்தொகை 2008 இல் 3, 2012 இல் 4, 2020 ஏப்ரலில் 6 என உயர்ந்தது. அயர்லாந்தில் இது நாளொன்றுக்கு 3.20 யூரோ.

எதிர்விளைவுகள்

சலுகை நிறுவனத்தைச் சேர, செலவு ஊழியரைச் சேரும் நிலையும் உண்டு. வீட்டின் மின்சாரம், இணையம், அறை ஆகியவற்றின் செலவை நிறுவனம் ஈடுசெய்யாவிடில், அமெரிக்காவில் சம்பளம் பெறும் ஊழியர் 2018 முதல் அதை நடுவண் வருமானவரியில் கழிக்க இயலாது. கலிபோர்னியாவில் மட்டும், பணிக்குத் தேவையான செலவை முதலாளியே ஈடுசெய்ய வேண்டும் எனத் தொழிலாளர் சட்டம் நெடுங்காலமாகக் கூறிவருகிறது என எண்ணிவிடக் கூடாது. இல்லினாய் மாநிலத்திலும் 2019 முதல் இத்தகைய விதி உண்டு.

நிறுவனங்களுக்கும் இடர் இல்லாமல் இல்லை. மேரிலாந்து மாநிலத்தில் இயங்கிய டெலிபிரைட் என்னும் நிறுவனத்தின் மென்பொருள் உருவாக்குநர் ஒருவர் நியூ செர்சியில் தம் வீட்டிலிருந்து பணிபுரிந்தார். அந்த ஒரே ஊழியரைக் காரணமாகக் கொண்டு, நிறுவனம் நியூ செர்சிக்கும் நிறுவன வரி செலுத்தக் கடமைப்பட்டது என அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 இல் தீர்ப்பளித்தது. சிறிய நிறுவனமொன்றுக்கு 1,200 டாலர் வரவைவிட, இன்னொரு மாநிலத்தில் கணக்குத் தாக்கல் செய்யும் செலவே கூடுதலாகிவிடலாம்.

இந்தியா

இந்தியாவில் நிலை நேர்மாறாக அமைந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களின் வரிச்சலுகை, பணி நடைபெறும் இடத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. வரியின்றி வாங்கிய மடிக்கணினியை மண்டலத்துக்கு வெளியே கொண்டுசெல்லவும் அனுமதி தேவைப்பட்டது. 2022 சூலையில் சேர்க்கப்பட்ட 43அ விதி, ஊழியர்களில் 50 விழுக்காட்டினர் வரை ஓராண்டுக்கு வீட்டிலிருந்து பணிபுரியலாம் என வகைசெய்தது. அதே ஆண்டு திசம்பரில் இவ்வரம்பு தளர்த்தப்பட்டது.