மண்ணெண்ணெயில் ஓடிய சோமசெற்

யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டதையும் குப்பி விளக்கில் படித்ததையும் தவறாமல் குறிப்பிடுவார்கள். ஆனால் அக்காலத்துக் கார்கள் எப்படி உயிர்த்தன என்பது விரிவாகப் பதிவாகவில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. கொக்குவில் போன்ற ஊர்களில் எஞ்சியிருந்தவை பெரும்பாலும் பழைய பிரித்தானியக் கார்களே. அவற்றுள் தலையாயது 1952 முதல் 1954 வரை தயாரிக்கப்பட்ட ஒஸ்ரின் ஏ-40 சோமசெற். 1200 சி.சி. எஞ்சின், 12 வோல்ற் மின்னமைப்பு, நேர்முனை உடலோடு இணைக்கப்பட்ட பற்றரி. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவதற்கு ஒரு துவாரம். 1912இல் கடிலாக் நிறுவனம் மின் ஸ்ராட்டரை அறிமுகப்படுத்தியபின் உலகம் மெல்ல மெல்ல மறந்துவிட்ட அந்தக் கைப்பிடிதான் யாழ்ப்பாணத்தைக் காப்பாற்றியது.

இதிலுள்ள நுட்பம் எளிமையானது. ஸ்ராட்டர் எஞ்சினைச் சுழற்ற நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். தீப்பொறிக்கான கொயிலுக்கோ மூன்று, நான்கு அம்பியர் போதும். ஆகவே ஸ்ராட்டரை அசைக்கவும் வலுவற்ற கிழட்டுப் பற்றரி, தீப்பொறி கொடுக்க இன்னமும் போதுமானது. கையால் சுழற்றி எஞ்சினை எழுப்பிவிட்டால் டைனமோ மிகுதியைப் பார்த்துக்கொள்ளும்.

மின்மானி இல்லாத இடத்தில் முன்விளக்கே மானி. விளக்கைப் போட்டுவிட்டு ஸ்ராட்டரை இயக்கவேண்டும். வெளிச்சம் மங்கி ஸ்ராட்டர் முனகினால், பற்றரி தளர்ந்திருக்கிறது. அடியோடு அணைந்தால் பற்றரி முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா, உடலோடு சேரும் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெளிச்சம் சிறிதும் மாறாவிட்டால் மின்சாரம் ஸ்ராட்டரைச் சென்றடையவே இல்லை. குற்றம் சுவிச்சிலோ கம்பியிலோ, ஸ்ராட்டரின் தேய்ந்த கரித்துண்டுகளிலோ இருக்கும். ஸ்ராட்டர் வெறுமனே இரைந்து எஞ்சின் சுழலாவிட்டால் பற்சில்லு அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பற்சில்லு இறுகிச் சிக்கிக்கொண்டால், ஸ்ராட்டரை விட்டுவிட்டு, கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். புதிய பற்றரி வாங்க வழியற்ற ஊரில், நோய் பற்றரியில் இல்லை என்று கண்டறிவதே பாதி நிம்மதி.

அடுத்த சிக்கல் எரிபொருள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இது யாழ்ப்பாணத்தின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல. ஃபெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை பிரித்தானியாவில் இதே முறையில் ஓடியது. ஆனால் அவை அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. நமது கார்களிலோ பிளக்குகளில் கரி படிந்தது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்தது. தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளாவிட்டால் எஞ்சின் இடித்தது. பிளக்கைக் கழற்றித் துடைப்பது அன்றாடக் கடமையாயிற்று.

இவையெல்லாம் பொழுதுபோக்கு அல்ல. கொக்குவிலிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலை சில கிலோமீற்றர் தூரந்தான். ஆனால் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு நள்ளிரவில் அந்தத் தூரத்தைக் கடக்க, ஒரு சிறு போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலும் கைப்பிடியைச் சுழற்ற ஓர் ஆளும் வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோதும் கணக்கு இதுவேதான்: வழியில் எஞ்சின் குளிர்ந்துவிட்டால் மறுபடியும் பெற்றோல் துளி வேண்டும்.

யுத்த நிறுத்தத்தின்பின் 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. வாகனங்கள் வந்து குவிந்தன. போர்ச் செய்திகளை எழுதிய எங்களைப் போன்ற பத்திரிகையாளர்கள் தாக்குதல்களையும் அறிக்கைகளையும் எண்ணினோம்; கராஜுகளுக்குள் நடந்ததை எண்ணவில்லை. அக்கால மெக்கானிக்குகள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் உறவினரில் ஒருவர் அப்படி இருந்தால், அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து வையுங்கள்.