பனியும் கம்பளியும்

1829இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவை ஆங்கிலேயரின் சுகவாசத் தலமாக்கினார். அவர்கட்கு மருந்தான அதே குளிர், தமிழகத்து வெப்பச் சமவெளியிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த நம் முன்னோர்க்கு நோயாயிற்று. அவர்கள் போர்த்திய கம்பளியின் விலையும் பற்றுக்கணக்கில் ஏறியது. குளிருக்கும் கடன்! பின்னர் இலைநோயால் காப்பி நொடித்தபோது கூலியும் பாக்கியாய் நின்றது.

தேயிலை வந்தது; குளிர் போகவில்லை. றொசல்லயில் நாம் காண்பது பெரும்பாலும் மூடுபனியே. மேலே நுவரெலியாவிலோ, தை மாசியின் முகிலற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று பள்ளங்களில் தேங்க, கொழுந்தின்மீது வெண்பனி உறைகிறது. வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடுகிறது. மீண்டும் துளிர்க்கும்வரை, எவ்வளவு விரைந்து பறித்தாலும் குறித்த நிறை எட்டாது. எட்டாதவர்க்கு அன்று அரைப்பேர்தான்.