மெலிவும் அதன் விலையும்

வால்வுகள் பொருந்திய பழைய வானொலிப் பெட்டியை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். திருகியவுடன் அது பேசாது. வால்வுகள் சூடேறும்வரை வீட்டார் காத்திருக்க வேண்டும். மேசையை விட்டு அதனை எளிதில் நகர்த்தவும் இயலாது. 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954இல் கையடக்கமான டிரான்சிஸ்டர் வானொலி அந்நாட்டுக் கடைகளுக்கு வந்துவிட்டது. அதன் ஒலி பெரிய பெட்டியின் ஒலிக்கு ஈடாகவில்லை. எனினும் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். உடன் எடுத்துச் செல்லும் வசதிக்காக ஒலியின் நயத்தில் ஒரு பகுதியை அவர்கள் விட்டுக்கொடுத்தனர்.

இத்தகைய கொடுக்கல் வாங்கலே பிற்காலத்தில் கணினியின் வரலாற்றிலும் நிகழ்ந்தது. லேப்டாப் என்று வழங்கும் மடிக்கணினி மெலிந்த வரலாற்றை ஆராயுமிடத்து, அம்மெலிவுக்காக நாம் எவற்றைக் கொடுத்தோம், அவற்றுள் கொடுக்கத்தக்கவை எவை, கொடுக்கத்தகாதவை எவை என்பது புலனாகும்.

தூக்கிச் செல்லத்தக்க கணினியை முதன்முதலில் பெரும் அளவில் விற்றுக் காட்டியவர் ஆடம் ஆஸ்பர்ன். அவர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். திருவண்ணாமலையில், இரமணர் ஆசிரமத்தை அடுத்து, இளமையைக் கழித்தவர். 2003இல் கொடைக்கானலில் மறைந்தவர். அவர் 1981இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆஸ்பர்ன்-1 என்னும் கணினியின் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ 5 அங்குலமே. அதனுள் பாட்டரி கிடையாது. ஆகவே அதைத் தூக்கிச் செல்லலாமேயன்றி, செல்லும் வழியில் இயக்க முடியாது. மறு ஆண்டில் கிரிட் காம்பஸ் என்பது தோன்றியது. புத்தகம்போல் மூடித் திறக்கும் வடிவமும், 5 கிலோ அளவான எடையும் உடையது அது. அதன் உறை மக்னீசிய உலோகத்தால் ஆனது. உள்ளே எழும் சூட்டை அவ்வுறையே வெளியே பரப்பியது. ஆயினும் விலை 8,000 டாலருக்கு மேற்பட்டதால், சாதாரண மக்கள் அதனை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

சூட்டைப் பற்றி ஏன் கூறுகின்றோம் எனில், மெலிவுக்குப் பெருந்தடையாக நின்றது அதுவே. கணினியின் மூளை என்று சொல்லத்தக்கது பிராசசர் என்னும் செயலி. அது உண்ணும் மின்சாரம் இறுதியில் சூடாகவே மாறுகின்றது. அச்சூட்டைப் போக்க உலோகத் தகடும் விசிறியும் காற்றோடும் வழியும் வேண்டும். மிகுதியாக உண்ணும் செயலிக்குப் பெரிய பாட்டரியும் வேண்டும். எனவே கணினியின் உடலை மெலியச் செய்ய விரும்புவோர் முதலில் அதன் பசியைக் குறைத்தாக வேண்டும்.

அதற்கு வழி உண்டு. செயலி இயங்கும்போது செலவாகும் மின்சக்தி அதன் வேகத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் எனப்படும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகம் மாறாதிருக்க மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு நாலில் ஒரு பங்காகும். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் செயலி முன்போல் விரைந்தியங்காது. வேகத்தைக் கொடுத்தே குளிர்ச்சியைப் பெற வேண்டியதாயிற்று. மெலிந்த கணினியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு பேரத்தின் வரலாறே எனலாம்.

இப்பேரத்தில் பெரிய ஆதாயம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகார்ன் என்னும் சிறு நிறுவனத்தில் சோபி வில்சனும் ஸ்டீவ் பர்பரும் ஒரு புதிய செயலியை வகுத்தனர். ஆணைகளை எளிமையாக்கி, உறுப்புகளைக் குறைத்து அமைத்த அச்செயலிக்கு ஆர்ம் என்று பெயர். 1985 ஏப்ரலில் முதற் சில்லு வந்து சேர்ந்தது. அது எவ்வளவு மின்சாரம் உண்கின்றது என்று பர்பர் அளந்தார். அளவுகருவி ஒன்றுமில்லை என்று காட்டியது. ஆராய்ந்தபோது, சில்லுக்கு வரவேண்டிய மின்னிணைப்பே பொருத்தப்படவில்லை என்று தெரிந்தது. பிற இணைப்புகள் வழியே கசிந்து வந்த சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டே அது இயங்கிக்கொண்டிருந்தது! கையடக்கக் கருவிகளுக்காக அவர்கள் அதனைச் செய்யவில்லை. சூடு மிகுந்தால் விலையுயர்ந்த பீங்கான் உறை வேண்டியிருக்கும். மலிவான பிளாஸ்டிக் உறையே போதுமானதாக இருக்கட்டும் என்பதே அவர்கள் நோக்கம். சிக்கனத்தை நாடியவர்கள் உலகுக்கு ஒரு செல்வத்தை அளித்துவிட்டனர். இன்று கைப்பேசிகளுக்குள் இருப்பவை பெரும்பாலும் அந்த மரபில் வந்த செயலிகளே.

மடிக்கணினிகளை ஆண்டுகொண்டிருந்த இன்டெல் மரபுச் செயலிகளோ வேறு வழியிற் சென்றன. 2000ஆம் ஆண்டில் டிரான்ஸ்மெட்டா என்னும் நிறுவனம் குருசோ என்ற சில்லை வெளியிட்டது. இன்டெல் ஆணைகளை மென்பொருளால் மொழிபெயர்த்து, எளிய சில்லில் நடத்தி, மின்செலவைக் குறைப்பது அதன் முறை. சப்பானியச் சிறு மடிக்கணினிகள் சிலவற்றில் அஃது இடம்பெற்றது. ஆனால் வேகக் குறைவால் நிலைக்கவில்லை. அதன் போட்டி இன்டெலையும் விழிக்கச் செய்தது. இசுரேல் நாட்டின் ஹைபா நகரில் இன்டெல் பொறியாளர் வகுத்த பென்டியம்-எம் 2003இல் வெளிவந்தது. வினாடிக்குத் துடிக்கும் துடிப்பில் அது பென்டியம்-4க்குக் குறைந்ததே. ஆயினும் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை செய்தது. சூட்டை அடக்கமுடியாமல் பென்டியம்-4 மரபு முடிவுற்றபோது, மேசைக் கணினிகளுக்கும் புதிய மூலமாகியது இந்த அடக்கமான மரபே.

2008 சனவரியில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகக் கடித உறை ஒன்றிலிருந்து மாக்புக் ஏர் என்னும் மடிக்கணினியை உருவிக் காட்டினார். தடித்த இடத்திலும் அது 2 சென்டிமீட்டரை எட்டவில்லை, எடை 1.36 கிலோ. உலகம் வியந்தது. ஆனால் குறுந்தட்டுச் சுழலி இல்லை. கம்பிவழி இணையத் துளை இல்லை. யூஎஸ்பி துளை ஒன்றே. பாட்டரியை உடையவர் எளிதில் கழற்றி மாற்றவும் இயலாது. 2015இல் அந்நிறுவனமே 13.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள மற்றொன்றை வெளியிட்டது. அதில் விசிறியும் இல்லை. நெடுநேரம் கடுமையாக உழைத்தால் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசைப்பலகையையும் மிகத் தட்டையாக்கினர். தூசி புகுந்தால் விசைகள் சிக்குகின்றன என்று முறையீடுகள் பெருகின. வழக்காகி, 2022இல் 5 கோடி டாலர் கொடுக்க அந்நிறுவனம் இசைந்தது. அதற்கு முன்னரே, 2021இல், தன் உயர்ந்த மாதிரிகளைச் சற்றே தடிப்பாக்கி, நீக்கிய துளைகள் சிலவற்றை மீண்டும் வைத்தது. மெலிவுக்கும் ஓர் எல்லை உண்டென்பதை வரலாறு இவ்வாறு ஒப்புக்கொண்டது.

இதற்கிடையே 2020இல் எம்-1 என்ற செயலி வந்தது. கேம்பிரிட்ஜில் தோன்றிய ஆர்ம் மரபைச் சேர்ந்தது அது. விசிறியற்ற மெல்லிய உடலில் இருந்துகொண்டே, விசிறியுடன் இயங்கிய முந்தைய மாதிரியை அது வேகத்தில் வென்றது. பழைய பேரம் ஓரளவு நமக்குச் சாதகமாக மாறிற்று. ஆனால் நினைவகத்தைச் செயலியோடு ஒன்றாகப் பிணைத்துவிட்டமையால், வாங்கிய பின் அதனைப் பெருக்கிக்கொள்ள வழியில்லை.

நம் நாட்டைப் பொறுத்தவரை இஃது ஆழ்ந்து எண்ணத்தக்கது. இங்கே ஒரு மடிக்கணினி பல குடும்பங்களில் நெடுநாள் சேமிப்பின் பயனாக வருகின்றது. அண்ணன் படித்து முடித்தபின் தங்கையின் கைக்குச் செல்கின்றது. தில்லியின் நேரு பிளேஸ், சென்னையின் ரிச்சி தெரு, பெங்களூரின் எஸ்.பி. சாலை ஆகிய இடங்களில் பழுதுபார்ப்போர் பழைய கணினிகளுக்கு மறுவாழ்வு அளித்து வந்துள்ளனர். ஒரு பாட்டரி, ஒரு நினைவகப் பலகை, ஒரு விசைப்பலகை ஆகியவற்றை மாற்றுவதே அவர்கள் தொழில். ஒட்டுப்பசையால் ஒட்டிய பாட்டரியும், பற்றவைத்த நினைவகமும் அக்கைத்திறனுக்குக் கதவடைக்கின்றன. பாட்டரியோ சில ஆண்டுகளில் தளர்வது இயல்பு. அஃதொன்று தளர்ந்ததற்காக நல்ல கணினி முழுவதையும் குப்பையாக்குவது அறிவுடைமை ஆகாது.

மெலிவும் பழுதுபார்க்கும் வசதியும் ஒன்றாக இருக்கவே முடியாது என்பாரும் உளர். 2021இல் அமெரிக்காவில் வெளிவந்த பிரேம்வொர்க் என்னும் மடிக்கணினி அதற்கு விடை கூறுகின்றது. 16 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள அதன் பெரும்பாலான உறுப்புகளை உடையவரே திருகாணி கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம், 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பாட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்று 2023இல் விதி செய்தது. நம் இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறையும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது.

இவ்வரலாற்றில் இருவகை மெலிவைக் காண்கின்றோம். பசியைக் குறைத்ததால் வந்த மெலிவு ஒன்று. உடையவரின் உரிமையைக் குறைத்ததால் வந்த மெலிவு மற்றொன்று. முன்னது அறிவின் வெற்றி, நிலைத்து நின்றது. பின்னது கைக்கு இலேசாகத் தோன்றினும், நாளடைவில் குடும்பத்தின் மீது பாரமாக இறங்கியது. கடையில் ஒரு மெல்லிய கணினியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, அதன் எடையை மட்டுமன்றி, ஐந்தாண்டு கழித்து அதனைத் திறந்து பார்க்க முடியுமா என்பதையும் நாம் கேட்டறிவது நலம்.